புற்றுநோய் அணு எதைத் தின்று வளர்கிறது? எதைத் தின்று பரவுகிறது?



ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், மறுநாளே ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். "சர்க்கரையை நிறுத்திடுங்க, புத்து தானா பட்டினி கிடந்து செத்துப்போகும்" என்பார் ஒருவர். "சோறே வேணாம், சாறு மட்டும் குடுங்க" என்பார் இன்னொருவர். "கத்தி வெச்சா உடம்பெல்லாம் பரவிடும், தொடவே வேணாம்" என்பார் மூன்றாமவர். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த யோசனைகளைக் கேட்டு நோயாளியைப் பட்டினி போட்டு, சிகிச்சையையும் தள்ளிப்போட்டால், போவது நோய் அல்ல, நோயாளியின் உயிர்.

புற்றுநோய் அணு எப்படித் தின்கிறது, இடம் மாறும்போது தன் தீனியை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எளிய முறையில் தருகிறோம். ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

1. ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் அடுப்பு

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவும் வேலை செய்ய வேண்டும். அதற்குச் சக்தி வேண்டும். நாம் உண்ணும் சோறு, கூழ், இட்லி எல்லாம் செரித்து குளுக்கோஸ் என்ற சர்க்கரைச் சத்தாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அணு அதை எடுத்து எரித்து, ஏ.டி.பி. என்ற சக்திப் பொருளைச் செய்துகொள்கிறது. இந்த ஏ.டி.பி.யைக் கையிலிருக்கும் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கும் அணு இந்தக் காசைத்தான் கொடுக்கிறது.

குளுக்கோஸை எரிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: பிராண வாயுவோடு சேர்த்து முழுமையாக எரிப்பது. அணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு குளுக்கோஸ் முழுவதுமாக எரிந்தால் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும்.

இரண்டாம் வழி: பிராண வாயு இல்லாமல் அரைகுறையாக உடைப்பது. இதில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கும். மிச்சம் லாக்டிக் அமிலமாக வெளியேறும். பால் தயிராகப் புளிப்பதும், இட்லி மாவு புளிப்பதும் இதே அமிலத்தால்தான். அங்கே அதைச் செய்வது நுண்கிருமிகள். நீங்கள் மூச்சிறைக்க ஓடும்போது உங்கள் தசையும் கொஞ்ச நேரம் இந்த வழியில்தான் சக்தி தேடுகிறது.

நல்ல அணு பெரும்பாலும் முதல் வழியில் போகும். அவசரத்துக்கு மட்டும் இரண்டாம் வழி.

2. புற்று அணுவின் விநோதப் பழக்கம்

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களில் ஒரு விநோதத்தைக் கண்டார். புற்றுக் கட்டியின் அணுக்கள், பிராண வாயு தாராளமாகக் கிடைக்கும்போதும், இரண்டாம் வழியிலேயே குளுக்கோஸை ஏராளமாக விழுங்கி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டின. அணுவின் உலை பழுதாகிப் போனதுதான் புற்றுநோய்க்கே காரணம் என்று அவர் எண்ணினார். (மூச்சுக்கு உதவும் நொதியைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக 1931-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.)

அவர் கண்டது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் முழுவதும் சரியில்லை. பெரும்பாலான புற்று அணுக்களில் உலை பழுதாகவில்லை, வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது.

அப்படியானால் 30 காசு கிடைக்கும் இடத்தில் ஏன் 2 காசுக்கு வேலை செய்கிறது?

வெட்டிய பனைமரம் முழுவதையும் அடுப்பில் வைத்தால் நல்ல தீ கிடைக்கும். ஆனால் வீட்டுக் கூரைக்குக் கைமரம் இருக்காது. புற்று அணுவுக்கு வேண்டியது தீ மட்டுமல்ல. அது ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக வேண்டும். ஒவ்வொரு புது அணுவுக்கும் சுவர் வேண்டும், புரதம் வேண்டும், மரபுப் பொருள் வேண்டும். குளுக்கோஸை முழுதாக எரித்துவிடாமல் பாதியில் நிறுத்தினால், அந்தத் துண்டுகளே கட்டுமானச் சாமான் ஆகின்றன. தவிர, இரண்டாம் வழி வேகமானது. அது கொட்டும் அமிலம் சுற்றியுள்ள நல்ல திசுவை நலிய வைத்து, புற்று உள்ளே நுழைய வழியும் செய்து கொடுக்கிறது.

3. ஊர் விட்டு ஊர் போகும்போது

புற்று ஓரிடத்தில் இருக்கும் வரை பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். அது பரவும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. ஒரு கட்டியிலிருந்து சில அணுக்கள் பிரிந்து, இரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து, நுரையீரல், ஈரல், எலும்பு, மூளை என்று தொலைவில் போய்க் குடியேறுவதையே பரவுதல் என்கிறோம்.

இந்தப் பயணம் புற்று அணுவுக்கும் எளிதல்ல. கடப்பாக்கத்தில் கரையில் இருக்கும் வரை விறகடுப்பில் சமைக்கலாம்; படகேறிக் கடலுக்குள் போனபின் அந்த அடுப்பு உதவாது. கிடைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும். புற்று அணுவும் அப்படித்தான் அடுப்பை மாற்றுகிறது.

பிரியும்போது: அக்கம்பக்கத்து அணுக்களின் பிடி விட்டதும், அதனால் முன்போல் குளுக்கோஸை எடுக்க முடிவதில்லை. கையிருப்புச் சக்தி குறைகிறது. பல அணுக்கள் இங்கேயே மடிகின்றன.

இரத்தத்தில் மிதக்கும்போது: இங்கே பிராண வாயு அதிகம். அதனால் உண்டாகும் இரசாயனக் காரம் அணுவைச் சுட்டெரிக்கிறது. இதில் தப்பிக்கிறவை தங்களைக் காக்கும் பொருள்களைக் கூடுதலாகச் செய்துகொள்கின்றன. மார்பகப் புற்று பற்றி 2014-ல் வெளியான ஆராய்ச்சியில், இரத்தத்தில் பயணம் செய்யும் அணுக்கள் தங்கள் உலைகளைப் பெருக்கி, முதல் வழிக்கே திரும்பியது எலிகளில் காணப்பட்டது. அதாவது கட்டியில் இருந்தபோது ஓர் அடுப்பு, பயணத்தில் வேறோர் அடுப்பு.

குடியேறும்போது: போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன கிடைக்கிறதோ அதைத் தின்னப் பழக வேண்டும். ஒரே மார்பகப் புற்றின் அணுக்களானாலும், ஈரலில் குடியேறுகிறவையும் நுரையீரலில் குடியேறுகிறவையும் ஒரே விதமாகத் தின்பதில்லை. சினைப்பைப் புற்று வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தக் கொழுப்பையே எரித்து வளர்கிறது என்று 2011-ல் கண்டார்கள். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வாய்ப் புற்றிலும், பரவும் திறமை உள்ள சில அணுக்கள் கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஒரு வாசலைத் தங்கள் மேல் வைத்திருக்கின்றன. அந்த வாசலை அடைத்தபோது எலிகளில் பரவுதல் குறைந்தது என்று 2017-ல் தெரியவந்தது.

கட்டியை விட்டுக் கிளம்பும் அணுக்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. ஆனால் தேறி நிற்கும் அந்த ஒன்று, எதையும் தின்னப் பழகிய ஒன்று. "சர்க்கரையை நிறுத்தினால் புற்று சாகும்" என்ற பேச்சு ஏன் பலிப்பதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? குளுக்கோஸ் குறைந்தால் புரதத்தில் கை வைக்கும். அதுவும் குறைந்தால் கொழுப்பில் கை வைக்கும். மற்ற அணுக்கள் கழித்த லாக்டிக் அமிலத்தையும் எடுத்துத் தின்னும்.

4. சென்னையில் படித்த ஒருவர் கண்ட வழி

இந்த விஷயத்தில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1923-ல் அமெரிக்கா சென்றார். மேலே சில்லறைக் காசு என்று சொன்னோமே, அந்த ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்துக் கண்டவர்களில் அவரும் ஒருவர். ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1929-ல் அதை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார்.

பின்னர் லெடர்லி மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் நடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. கர்ப்பிணிகளுக்குக் கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பது இந்த ஃபோலிக் அமிலம்தான். புது அணு உண்டாக இது மிக அவசியம். புற்று அணுவுக்கும் அவசியம். ஆகவே ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமுள்ள, ஆனால் வேலை செய்யாத போலிப் பொருளைக் கொடுத்தால் புற்று ஏமாறுமா என்று பார்த்தார்கள். சுப்பாராவ் குழு தந்த அத்தகைய மருந்தை வைத்து, பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-ல் அறிவித்தார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து இன்றும் பயனில் உள்ளது. 1956-ல் அதைக் கொண்டு, பிள்ளைப்பேறு சார்ந்த ஒரு புற்றுநோயை, நுரையீரலுக்குப் பரவிய பின்னும், குணப்படுத்திக் காட்டினார்கள். புற்று அணுவின் தீனியையும் கட்டுமானச் சாமானையும் தடுக்கும் வழி உண்டு; ஆனால் அதை அளவு தெரிந்து மருந்தால் செய்ய வேண்டும். சோற்றுப் பானையை மூடிச் செய்ய முடியாது.

தாய்மார்கள் கவனிக்க: மேலே சொன்ன புற்று, பல நேரங்களில் "முத்துப்பிள்ளை" என்று நாம் சொல்லும் கர்ப்பத்துக்குப் பிறகு வருவது. கர்ப்பப்பையில் குழந்தைக்குப் பதில் திராட்சைக் குலைபோல் நீர்க்கொப்புளங்கள் வளர்வதே முத்துப்பிள்ளை. அதைச் சுத்தம் செய்த பிறகு "சரியாப் போச்சு" என்று இருந்துவிடக் கூடாது. டாக்டர் சொல்லும் காலம் வரை எச்.சி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள். அவர் அனுமதிக்கும் வரை அடுத்த கர்ப்பம் தரிக்காமல் குடும்ப நல முறை ஒன்றைக் கடைப்பிடியுங்கள். அந்த நேரத்தில் கர்ப்பமானால், நோய் திரும்பியதா இல்லையா என்று பரிசோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது. சரியாகக் கண்டுபிடித்தால் இது பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும் நோய்.

5. பெட் ஸ்கேன் என்றால் என்ன?

புற்று அணு குளுக்கோஸை விழுங்கும் பழக்கத்தையே வைத்து அதைக் கண்டுபிடிக்கும் கருவிதான் பெட் ஸ்கேன். இந்தியாவில் 2002-ல் மும்பையில் இது தொடங்கியது. மிகக் குறைந்த கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற மருந்தை ஊசியில் செலுத்துவார்கள். பசித்த புற்று அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். இந்தக் கதிரியக்கம் ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகவும், அடுத்த 110 நிமிடத்தில் அதிலும் பாதியாகவும் குறைந்துகொண்டே போகும்.

ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பார்கள். அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுக்கும் தாயாக இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். படத்தில் பளிச்சென்று தெரிவதெல்லாம் புற்று அல்ல. மூளையும் குளுக்கோஸை அதிகம் எடுக்கும். காசநோய்ப் புண்ணும் அப்படியே தெரியும். ஆகவே படத்தைப் பார்த்து நீங்களே பயந்துவிட வேண்டாம். சதைப் பரிசோதனை செய்துதான் டாக்டர் முடிவு சொல்லுவார்.

6. வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

"நோயாளி சர்க்கரை சாப்பிடலாமா?"
அளவோடு சாப்பிடலாம். நீங்கள் நிறுத்தினாலும் ஈரல் தானே குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடும். மூளைக்கு அது வேண்டும். சர்க்கரை நோயும் உள்ளவர்கள் அதற்குரிய உணவுமுறையைக் கைவிடக் கூடாது. மற்றவர்களுக்குச் சோறு, கூழ், பழம் எதையும் புற்றுநோய்க்காக விலக்க வேண்டியதில்லை.

"சாப்பிட்டாலும் உடம்பு ஏன் இளைக்குது?"
புற்று கொட்டும் லாக்டிக் அமிலத்தை ஈரல் மறுபடி குளுக்கோஸாக்குகிறது. இதற்கு 6 ஏ.டி.பி. செலவு. அந்தக் குளுக்கோஸிலிருந்து புற்று எடுப்பது 2 மட்டுமே. உடம்புக்கு ஓயாத நஷ்டம். அதோடு புற்றினால் உண்டாகும் பொருள்கள் பசியைக் கெடுத்துத் தசையையும் கரைக்கின்றன. ஆகவே இளைத்த நோயாளியைப் பட்டினி போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். கேழ்வரகுக் கூழ், பருப்பு, முட்டை, மீன், பால், தயிர் எது பிடிக்கிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். நன்றாக வெந்த உணவும், கொதித்து ஆறிய நீரும் நல்லது. விழுங்க முடியாவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

"சத்து மாத்திரை நிறையக் கொடுத்தா நோய் நிக்குமா?"
நிற்காது, சில நேரம் கேடு. இரத்தத்தில் மிதக்கும் புற்று அணுவைக் காரம் சுட்டு அழிக்கிறது என்று பார்த்தோம். அந்தக் காரத்தைத் தணிக்கும் மருந்து கொடுத்தபோது எலிகளில் தோல் புற்று அதிகமாகப் பரவியது என்று 2015-ல் கண்டார்கள். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்று கூடியது என்று 1994-ல் அறிவித்தார்கள். காய்கறியில், கீரையில் உள்ள சத்து வேறு. டப்பா டப்பாவாக மாத்திரை வேறு. டாக்டர் எழுதித் தராத மாத்திரை வேண்டாம்.

"சர்க்கரை நோய் மாத்திரை புத்துக்கும் கேட்குமாமே?"
மெட்பார்மின் மாத்திரையைச் சர்க்கரை நோய் இல்லாத 3,600-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்று நோயாளிகளிடம் பல நாடுகளில் சோதித்தார்கள். நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. சர்க்கரை நோய்க்கு அது நல்ல மருந்து. அதற்கு மட்டும் சாப்பிடுங்கள்.

"கத்தி வெச்சா பரவுமா?"
பரவுவது காத்திருப்பதால். தேர்ந்த டாக்டர் முறைப்படி செய்யும் சதைப் பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் நோயாளியைக் காப்பாற்றுகின்றன.

"ஒட்டிக்குமா?"
ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிடலாம், குழந்தையைக் கொஞ்சலாம். நோயாளிக்குத் தனித் தட்டு, தனி மூலை வேண்டாம்.

7. நீங்கள் செய்ய வேண்டியது

புற்று அணு அடுப்பை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே அதைப் பிடிப்பதே எளிது. ஆரம்பக் கட்டியில் பெரும்பாலும் வலி இருக்காது. "வலிக்கலையே, அறுவடை முடியட்டும்" என்றும், "உப்பள வேலை முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்றும் நாளைக் கடத்தாதீர்கள். கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்:

• மார்பில் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு
• மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, கணவன் மனைவி உறவுக்குப் பின் இரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்
• வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை
• விழுங்கச் சிரமம், மாறாத குரல் கம்மல்
• மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல்

30 வயதைக் கடந்த பெண்கள் வியாதி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெண் ஊழியர் தனியறையில் பார்ப்பார். கூச்சப்பட வேண்டாம். கணவன்மார்களே, மாமியார்களே! "நல்லாத்தானே இருக்கே" என்று தடுக்காமல் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். புகையிலை எந்த உருவில் இருந்தாலும் விடுங்கள். வெறும் பாக்குக்கூட வாய்ப் புற்றை உண்டாக்கும்.

செய்யூர் வட்டாரத்தில் உள்ளவர்கள் முதலில் தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லலாம். அங்கிருந்து மதுராந்தகம் அரசு மருத்துவமனைக்கோ, 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். புற்றுநோய்க்கென்றே காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. 1969-ல் நாம் அண்ணாவை இழந்தது இந்த நோயால்தான். சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் நிலையம், தன் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்தார்கள். செலவை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நினைவிற் கொள்ளுங்கள்:

நோயாளிக்குச் சோறு போடுங்கள்.
சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
வலி இல்லாத கட்டியையும் காட்டுங்கள்.
இந்தப் பிரசுரத்தைப் படித்தபின் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.